பூட்டும் முடிச்சும்: பன்னேருகட்டா ஓரத்துப் புல் தீயில் கால்நடைகளுக்கு நேர்ந்தது

சென்ற ஆண்டு மார்ச் முதல் வாரத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை பிற்பகல், பெங்களூரின் தென்கோடியில் நாங்கள் குடியிருக்கும் பகுதியில் காய்ந்த புல் பற்றி எரிந்தது. ஏறத்தாழ 40 நிமிடங்களில் தீ அடங்கிவிட்டது. மனிதர் எவருக்கும் காயமில்லை, வீடு எதுவும் எரியவில்லை. ஆகையால் அது எந்தச் செய்தித்தாளிலும் வரவில்லை. ஆனால் அந்த 40 நிமிடங்களின் விளைவாக ஒரு கறவைப் பசுவும் ஐந்து ஆடுகளும் ஆறு லவ் பேர்ட்ஸ் குருவிகளும் இறந்தன. இன்னொரு பசுவுக்கு முதுகிலும் மடியிலும் தீப்புண் ஏற்பட்டது. எங்கள் வீட்டு நாய் பாதம் வெந்து, ஐந்து மணி நேரம் காணாமற்போய், பிறகு கிடைத்தது. இறந்த பன்னிரண்டு உயிர்களில் ஒன்றைக்கூட நெருப்பு நேராகத் தொடவில்லை. இந்த ஒரு விவரம்தான் என்னை இதை எழுதத் தூண்டியது.

அடுத்த மூன்று வாரங்களில் பால்மாடு வைத்திருக்கும் குடும்பத்தாரோடும், ஆட்டுப் பட்டியை உடைத்துத் திறந்த கட்டடத் தொழிலாளர்களோடும், சிகிச்சை அளித்த கால்நடை மருத்துவரோடும், எங்கள் அடுக்குமாடியின் காவலாளியோடும் உட்கார்ந்து பேசினேன். நேரங்களை அடுக்குமாடி வாயிலில் உள்ள கண்காணிப்புக் கேமராவிலிருந்தும் பலருடைய கைபேசி அழைப்புப் பதிவுகளிலிருந்தும் எடுத்திருக்கிறேன். யாருடைய பெயரையும் குறிப்பிடவில்லை.

இடமும் பருவமும்

பன்னேருகட்டா தேசியப் பூங்காவின் எல்லைக்கும் நகரம் விரிந்துவரும் விளிம்புக்கும் இடையே இருக்கும் நிலம் ஒரு காலத்தில் ராகிக் கொல்லையாகவும் மேய்ச்சலாகவும் இருந்தது. இன்று அது கல்லுக்கால் நட்டு மனை பிரிக்கப்பட்ட லேஅவுட்டுகளாக இருக்கிறது. பாதி மனைகளில் வீடு வரவில்லை. உரிமையாளர்கள் வேறு ஊரில் இருக்கிறார்கள். மழைக்காலத்தில் முழங்காலுக்கு மேல் வளரும் புல்லை அறுப்பார் இல்லை. ஓரங்களில் உண்ணிச்செடிப் புதர், அதற்கப்பால் பழைய தைல மரத் தோப்பு ஒன்று. நவம்பரோடு மழை ஏறக்குறைய ஓய்ந்துவிட, ஜனவரிக்குள் புல் வெளுத்து, பிப்ரவரி இறுதியில் கையால் கசக்கினால் பொடியாகும் அளவுக்குக் காய்ந்துவிடுகிறது. ஏப்ரலில் கோடை மழை தொடங்கும்வரை அப்படியேதான். வனத்துறையினர் காட்டு எல்லையில் ஆண்டுதோறும் புல்லைச் செதுக்கித் தீத்தடுப்புக் கோடு போடுகிறார்கள். அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம், அதாவது நாமும் நம் மாடுகளும் இருக்கும் பக்கம், யாருடைய பொறுப்பிலும் இல்லை.

காட்டுத்தீ என்றால் காட்டுக்குள் எரிவது என்ற எண்ணம் நகரத்தில் பலருக்கும் இருக்கிறது. 2019 பிப்ரவரி 23 அன்று எலகங்கா விமானப்படைத் தளத்தில் ஏரோ இந்தியா கண்காட்சியின்போது வாகன நிறுத்துமிடத்தில் காய்ந்த புல் பற்றி ஏறக்குறைய 300 கார்கள் எரிந்ததைக் கண்ட ஊர் இது. அன்று கார்கள் நெருக்கமாக நிறுத்தப்பட்டிருந்தன, ஓட்டிச் செல்ல ஆள் அருகில் இல்லை, காற்று வீசியது. கட்டிவைத்த மாட்டின் நிலையும் ஏறத்தாழ அதுதான் என்பதை நாங்கள் பிறகுதான் உணர்ந்தோம்.

தருமபுரி மாவட்டத்திலிருந்து 26 ஆண்டுகளுக்கு முன் வந்து இங்கேயே தங்கிவிட்ட அந்தக் குடும்பத்தில் கணவர், மனைவி, கணவரின் தாயார் என மூவர். எங்கள் தெருக்களில் அவர் ‘பால்கார அண்ணன்’. அவருடைய தாயார் எல்லோருக்கும் ‘ஆயா’. கறவையும் சினையுமாக எட்டுக் கலப்பினப் பசுக்கள், மூன்று கன்றுகள், ஒன்பது ஆடுகள். கொட்டகைக்குத் தகரக் கூரை. இரண்டு பக்கம் வெயில் மறைக்கப் பச்சை வலை. கொட்டகைச் சுவரிலிருந்து எட்டடி தூரத்தில் ஒரு டிராக்டர் அளவு ராகித்தாள் போர், அதை ஒட்டி வரட்டிக் குவியல். ஆட்டுப் பட்டி மட்டும் தனியாக, நான்கு பக்கமும் மேலேயும் கனமான கம்பிவலை போட்டு, இரும்புக் கதவுக்குப் பூட்டும் போட்டிருந்தது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் சிறுத்தை ஒன்று இரவில் ஓர் ஆட்டைத் தூக்கிச் சென்ற பிறகு கட்டியது அது. இரவுக்காகப் போட்ட பூட்டு நாளடைவில் பகலிலும் தொங்கத் தொடங்கியது. வெயில் ஏறியதும் ஆடுகளை அடைத்துப் பூட்டுவது வழக்கமாயிற்று. அந்தச் சாவி அண்ணனுடைய பைக் சாவியோடு ஒரே வளையத்தில் இருந்தது.

அன்று பிற்பகல்

1.38 மணிக்குக் கேமராவில் முதல் புகை தெரிகிறது. கொட்டகையிலிருந்து சுமார் 400 மீட்டர் தள்ளி, காலி மனையில் யாரோ குவித்து எரித்த குப்பையிலிருந்து புல்லுக்குத் தாவியிருக்கிறது. யார் என்று விசாரிப்பதில் எனக்கு ஆர்வமில்லை. அந்த மாதத்தில் எங்கள் பகுதியில் குப்பை எரியாத நாளே கிடையாது. அதனால்தான் அந்தப் புகையை எட்டு நிமிடங்கள் யாரும் பொருட்படுத்தவில்லை. 1.46-க்கு ஆயாதான் முதலில், இது குப்பைப் புகை இல்லை, புல் புகை என்று சொன்னார். அண்ணன் அப்போது 9 கிலோமீட்டர் தொலைவில் புண்ணாக்கு வாங்கப் போயிருந்தார்.

1.52-க்கு அண்ணி மாடுகளை அவிழ்க்கத் தொடங்கினார். எட்டுப் பசுக்களும் பிளாஸ்டிக் கயிற்றால் சுவரில் பதித்த இரும்பு வளையங்களில் கட்டப்பட்டிருந்தன. அவரே சொன்னதை அப்படியே தருகிறேன்: “மாடு பயந்து இழுக்க இழுக்க முடிச்சு கல்லு மாதிரி இறுகிப்போச்சு தம்பி. நகத்தால நெம்பிப் பாத்தேன், பல்லால கடிச்சுப் பாத்தேன். அஞ்சு மாட்டை அவுத்தேன், மீதி மூணுக்குப் புல்லறுக்குற அரிவாளாலதான் அறுத்தேன்.” எட்டையும் விடுவிக்க 14 நிமிடங்கள் பிடித்தன. இடையில் 1.58-க்கு மின்சாரம் நின்றது. போர்வெல் மோட்டார் ஓடவில்லை. கையிலிருந்த தண்ணீர் மாட்டுத் தொட்டியில் இருந்த 200 லிட்டர் மட்டுமே.

2.05-க்கு ராகித்தாள் போரில் பொறி விழுந்தது. அதன்பிறகு நடந்ததை யாராலும் வரிசையாகச் சொல்ல முடியவில்லை; நான் பலர் சொன்னதைக் கோத்துத் தருகிறேன். அவிழ்த்துவிட்ட மாடுகளில் நான்கு கொட்டகைக்குப் பின்னாலிருந்த உழுத கொல்லைக்குள் தாமாகவே போய் நின்றுவிட்டன. மூன்று, திறந்திருந்த சந்தின் வழியாகப் பெரிய சாலைக்கு ஓடின. அவற்றில் ஒன்று, மார்ச் மாதத்தில் இந்த ஊரில் ஓயாமல் ஓடும் தண்ணீர் லாரிகளில் ஒன்றின் குறுக்கே விழுந்து இடுப்பில் அடிபட்டு, எழுந்து நிற்காமலே ஐந்தாம் நாள் இறந்தது. எட்டாவது பசு வெளியே வந்து, கன்று உள்ளே கத்துவதைக் கேட்டுத் திரும்பக் கொட்டகைக்குள் போய்விட்டது. மாடுகளுக்கு முதலிடம் கொடுத்ததால் கன்றுகள் இன்னும் கட்டிலேயே இருந்தன. எழுபது வயதைக் கடந்த ஆயா உள்ளே புகுந்து கன்றுக் கயிற்றை அறுத்துவிட்டபோது, உருகிய பச்சை வலை பசுவின் முதுகில் சொட்டிக்கொண்டிருந்தது. கன்று ஓடியது, தாய் பின்தொடர்ந்தது.

ஆட்டுப் பட்டியின் பூட்டை உடைக்கலாமா என்று கேட்பதற்கு அண்ணனை அழைத்தது 1.55-க்கு, அவர் எடுத்தது 2.01-க்கு. உடைத்துவிடச் சொன்னார். ஆனால் சிறுத்தைக்கென்று போட்ட வலையும் பூட்டும் மனிதனுக்கும் எளிதில் இணங்கவில்லை. பக்கத்துக் கட்டடத்தில் வேலை செய்த சேலத்துக்காரர்கள் இருவர் கடப்பாரையோடு வந்து 2.09-க்குத் திறந்தார்கள். பட்டிக்குள் நெருப்பு வரவில்லை. போரின் புகை மட்டும் தாழ்வாகச் சூழ்ந்திருந்தது. நான்கு ஆடுகள் மூலையில் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து இறந்திருந்தன; ஐந்தாவது மூன்றாம் நாள் போனது. தீயணைப்பு வண்டி 2.16-க்கு வந்தது, திருப்பத்தில் கொட்டியிருந்த கட்டட மணலை ஒதுக்க நேரமாயிற்று. அப்போது புல்லில் எரிய எதுவும் மிச்சமில்லை. போரை மட்டும் அணைத்தார்கள்.

150 மீட்டர் தள்ளியிருக்கும் எங்கள் அடுக்குமாடிக்குத் தீ வரவே இல்லை, புகைதான் வந்தது. இரண்டாம் மாடியில் பால்கனியில் தொங்கிய கூண்டில் ஆறு லவ் பேர்ட்ஸ், வீட்டில் ஆளில்லை. மாலையில் கூண்டின் அடியில் ஆறும் கிடந்தன. பறவைகளின் நுரையீரலும் காற்றுப்பைகளும் காற்றை மிகத் திறமையாக உள்ளிழுப்பவை. அதனாலேயே நச்சுப் புகையில் முதலில் சாய்பவை அவைதான். எங்கள் நாயை நான் முதல் மாடி பால்கனியில் சங்கிலியால் கட்டிவிட்டுக் கோரமங்களாவில் அலுவலகத்தில் இருந்தேன். மேல்வீட்டுக் கல்லூரி மாணவர் சன்ஷேடு வழியாக இறங்கிப் பார்த்தபோது சங்கிலிக் கொக்கி துருவேறித் திறக்கவில்லை. கழுத்துப்பட்டையையே கழற்றித் தூக்கி இறக்கியிருக்கிறார். அவருக்கு நான் பட்டிருக்கும் கடன் பெரியது. இறங்கியதும் நாய் மிரண்டு, புகைந்துகொண்டிருந்த புல் வழியாக ஓடிவிட்டது. எங்கள் தொலைபேசி எண் பொறித்த தகடு அந்தக் கழுத்துப்பட்டையில்தான் இருந்தது. பட்டையோ பால்கனியில் கிடந்தது. ஒன்றரைக் கிலோமீட்டர் தள்ளி ஒரு டீக்கடையில் அதற்குத் தண்ணீர் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு அது யாருடையது என்று அறிய வழியில்லை. இரவு 7 மணிக்குத்தான் கண்டுபிடித்தோம்.

எங்கே தீர்மானமாயிற்று

நடந்தவற்றை நேரவாரியாக எழுதி முடித்தபோது, தீ பற்றிய பிறகு யாரும் பெருந்தவறு எதையும் செய்யவில்லை என்பது எனக்குத் தெளிவாயிற்று. அண்ணி ஓடவில்லை, ஆயா ஓடவில்லை, முன்பின் அறியாத தொழிலாளர்கள் புகைக்குள் புகுந்தார்கள். இழப்பு அதற்கு முன்பே, அமைதியான நாட்களில், நாங்கள் போட்ட முடிச்சிலும் பூட்டிலும் தீர்மானமாகிவிட்டது.

பிளாஸ்டிக் கயிற்றை மாட்டுக்காரர்கள் விரும்புவதற்குக் காரணம் உண்டு: மலிவு, மழையில் அழுகாது, மாடு கடித்தாலும் அறாது. ஆனால் அதே கயிறு இழுபடும்போது வழுக்கி இறுகிக்கொள்ளும். சூட்டில் இளகினால் கழுத்துத் தோலோடு ஒட்டிக்கொள்ளும். பருத்திக் கயிறோ தேங்காய்நார்க் கயிறோ எரியக்கூடியதுதான் என்றாலும் உருகி ஒட்டாது. கயிற்றைவிட முக்கியமானது முடிச்சு. வண்டி மாட்டையும் குதிரையையும் பழக்கியவர்கள் அறிந்த, நுனியை ஒரே இழுப்பில் இழுத்தால் அவிழும் முடிச்சு ஒன்று இருக்கிறது. மாடு எவ்வளவு இழுத்தாலும் அது விடாது, மனிதன் நுனியைத் தொட்டால் விட்டுவிடும். ஆயாவுக்கு அது தெரிந்திருந்தது. அடுத்த தலைமுறைக்கு யாரும் சொல்லித்தரவில்லை, தேவையும் வரவில்லை.

பூட்டின் கதை இன்னும் சங்கடமானது. சிறுத்தைக்கு அஞ்சிப் பூட்டியது நியாயம். அந்த நியாயத்துக்குள் ஒரு பிழை ஒளிந்திருந்தது: சிறுத்தையைத் தடுக்கச் சாவி தேவையே இல்லை. சிறுத்தையால் தூக்கித் திருப்ப முடியாத எந்தத் தாழ்ப்பாளும் போதும். சாவி என்பது திருடனுக்கு எதிரானது. பட்டி கட்டும்போது இரண்டு பயங்களையும் ஒன்றாகக் கலந்துவிட்டோம். ஒரே சாவி, அதுவும் ஊரில் இல்லாத ஆளின் பையில் என்றானபோது அந்தப் பட்டி உள்ளே இருப்பவற்றுக்கான பொறியாக மாறிவிட்டது.

அவிழ்ப்பது மட்டும் போதாது என்பதற்குச் சாலையில் அடிபட்ட பசு சாட்சி. உழுத கொல்லைக்குள் போன நான்கும் ஒரு முடிகூடக் கருகாமல் நின்றன. அங்கே எரிய எதுவுமில்லை. சாலைக்கு ஓடியவையும் அதே தொலைவுதான் ஓடின. வேறுபாடு, சந்தின் படல் திறந்திருந்ததும் கொல்லையின் வாயில் பாதி மூடியிருந்ததும்தான்.

ஆஸ்திரேலியரின் பாடம், நம் அளவுக்கு

இந்தப் பொருளில் மிக நெடிய அனுபவமும் தெளிவான அறிவுரையும் ஆஸ்திரேலியாவில்தான் இருக்கின்றன. 2009 பிப்ரவரி 7 அன்று விக்டோரியா மாநிலத்தில் பரவிய தீயில் 173 பேர் இறந்தார்கள். 11,000-க்கும் மேற்பட்ட பண்ணை விலங்குகளும் மடிந்தன. அந்த நாட்டுத் தீக்கும் நமக்கும் என்ன தொடர்பு என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்லலாம்: எங்கள் லேஅவுட் ஓரத்தில் எண்ணெய் இலையோடும் உரிந்து தொங்கும் பட்டையோடும் நிற்கும் தைல மரம் அங்கிருந்து வந்ததுதான். 1790 வாக்கில் திப்பு சுல்தானின் நந்தி மலைத் தோட்டத்தில் நடப்பட்டதே இந்தியாவில் அதன் தொடக்கம் என்பார்கள்.

அங்குள்ள தீயணைப்பு, வேளாண் துறைகள் கால்நடை வளர்ப்போருக்குச் சொல்வதன் சாரம் இதுதான். கால்நடைகளைக் கொட்டகைக்குள் அடைக்காதீர்கள், கட்டிவைக்காதீர்கள். முன்பே மேய்ந்து மொட்டையாக்கிய அல்லது உழுது போட்ட, தண்ணீர் உள்ள பெரிய அடைப்பு ஒன்றுக்கு முன்கூட்டியே மாற்றுங்கள். அடைப்புகளுக்கு இடையிலான உள்வாயில்களைத் திறந்துவிட்டு, சாலையை நோக்கிய வாயிலை மூடிவையுங்கள். உருகக்கூடிய செயற்கைத் துணி, நைலான் கடிவாளம், சூடேறும் உலோகம் ஆகியவற்றை விலங்கின் உடலிலிருந்து கழற்றிவிடுங்கள். புல் தீயின் முகப்பு ஓரிடத்தைக் கடக்கச் சில நிமிடங்களே ஆகும். அந்தச் சில நிமிடங்களுக்கு எரிபொருள் இல்லாத தரையில் நின்றால் மாடு பிழைத்துக்கொள்ளும் என்பதே இதன் பின்னுள்ள கணக்கு. எங்கள் கொல்லையில் நின்ற நான்கு பசுக்கள் இந்தக் கணக்கை யாரும் சொல்லித்தராமலே மெய்ப்பித்தன. உள்வாயில், சாலைவாயில் என்ற வேறுபாட்டை முதன்முறை படித்தபோது, இடுப்பு உடைந்து கிடந்த அந்தப் பசுவின் கண்களை நினைத்து நான் நெடுநேரம் அடுத்த வரிக்குப் போகவில்லை.

நமக்குப் பொருந்தாதவையும் உண்டு. நூற்றுக்கணக்கான ஏக்கர் உள்ள பண்ணைக்குச் சொன்னதை, 40 அடி கொட்டகை மட்டுமே உள்ள, சொந்தமாக ஓர் அடி மேய்ச்சலும் இல்லாத பால்காரருக்கு அப்படியே சொல்ல முடியாது. அங்கே 2022 செப்டம்பர் முதல் நாடு முழுவதும் நான்கு படிநிலைகளில் தினசரித் தீ அபாய மதிப்பீடு வெளியாகிறது. மிக மோசமான நாளுக்கு முந்தைய இரவோ அன்று காலையோ விலங்குகளை இடம் மாற்றிவிடுகிறார்கள். இங்கே இந்திய வன ஆய்வு நிறுவனம் செயற்கைக்கோள் வழியே கண்டறியும் தீப் புள்ளிகளைப் பதிவு செய்தவர்களின் கைபேசிக்குக் குறுஞ்செய்தியாக அனுப்புகிறது. காட்டுக்கு அது பெரும் உதவி. ஆனால் செயற்கைக்கோள் ஒரு நாளில் சில முறைதான் கடந்து செல்கிறது, எங்கள் தீயோ 40 நிமிடத்தில் முடிந்துவிட்டது. ஆகவே எங்களுக்கான எச்சரிக்கையை நாங்களே வகுக்க வேண்டியிருந்தது: பிப்ரவரி, மார்ச் மாதங்களில் காற்று வீசும் பகல்களில், 11 மணி முதல் 4 மணிவரை, வீட்டில் முடிச்சு அவிழ்க்கத் தெரிந்த ஒருவர் கட்டாயம் இருக்க வேண்டும்.

தீ அணைந்த பிறகு

தீ போனதும் ஆபத்து போய்விட்டதாக நாங்கள் எண்ணியது தவறு. 1962 என்ற கால்நடை உதவி எண்ணுக்கு அழைத்த பிறகு வந்த மருத்துவர் முதலில் பார்த்தது தீப்புண்ணை அல்ல, மூச்சை. இருமல், மூக்கில் நீர் அல்லது நுரை, வாய் திறந்து மூச்சு வாங்குதல் ஆகியவை உடனே தெரியாமல் ஒன்றிரண்டு நாள் கழித்துத் தெரியலாம் என்றார். மூன்றாம் நாள் இறந்த ஆடு அதுவரை நன்றாகத் தின்றுகொண்டிருந்தது. புகை குடித்த மாடுகளை நான்கு முதல் ஆறு வாரம் வெகுதூரம் நடத்தக் கூடாது, தூசு கிளம்பும் தாளை நீர் தெளித்தே போட வேண்டும் என்றும் சொன்னார். சூடான தரையில் நின்ற மாடுகளின் குளம்பு விளிம்பைத் தினமும் பார்க்கச் சொன்னார். உள்ளே வெந்த குளம்பு சில நாட்கள் கழித்துத்தான் கழலத் தொடங்கும்.

மடி வெந்த பசுவைக் காப்பாற்றியதுதான் மிகக் கடினமாக இருந்தது. காம்பில் புண் என்றால் அது கறக்க விடாது. கறக்காவிட்டால் மடிநோய் வரும். அண்ணி ஒரு மாதம் நாளுக்கு நான்கு முறை, ஈரத் துணியால் ஒற்றி, மருந்திட்டு, கொஞ்சம் கொஞ்சமாகக் கறந்து கொட்டினார். இரண்டு காம்புகள் தேறின, இரண்டு போயின. பசு இருக்கிறது, அவர் அதை விற்க மறுத்துவிட்டார்.

நாயின் பாதத்துக்கு நான் செய்ததில் ஒன்று சரி, ஒன்று தவறு. ஓடும் குழாய் நீரில் பிடித்தது சரி. 10 முதல் 20 நிமிடம் பிடித்திருக்க வேண்டும், நான் இரண்டே நிமிடத்தில் நிறுத்திவிட்டேன். நெய்யோ மஞ்சளோ பற்பசையோ தீப்புண்ணில் தடவக் கூடாது. அவை சூட்டை உள்ளே பூட்டிவிடும், பிறகு மருத்துவர் அவற்றைச் சுரண்டி எடுக்கும்போது வலி இரட்டிப்பாகும். பனிக்கட்டியும் கூடாது.

இறந்த பசுவுக்குக் காப்பீடு இருந்தது. காதில் இருந்த 12 இலக்க அடையாளத் தோடும் அதன் புகைப்படமும் இருந்ததால் தொகை கிடைத்தது. ஆடுகளுக்கு எதுவுமில்லை.

மாற்றியவை

தீக்குப் பிறகு எங்கள் குடியிருப்போர் சங்கமும் மாட்டுக் குடும்பமும் சேர்ந்து செய்தவற்றில் முதன்மையானது கொல்லைக்கான ஒப்பந்தம். கொட்டகைக்குப் பின்னால் இருக்கும் அரை ஏக்கர், ஒரு கன்னட விவசாயியுடையது. ராகி அறுவடை முடிந்ததும் டிசம்பரிலேயே உழுது போடவும், மே வரை அந்தப் பக்கத்து வாயிலைப் பூட்டாமல் வைக்கவும் அவர் ஒப்புக்கொண்டார். ஒரே ஒரு நிபந்தனை: ஆடுகளைத் தக்காளி பாத்திப் பக்கம் விடக் கூடாது. அதற்காக உள்ளே ஒரு மூலையில் ஆடுகளுக்குத் தனிப் படல் கட்டினோம். 500 லிட்டர் தண்ணீர்த் தொட்டி ஒன்றை அங்கே வைத்து நிரப்பியே வைத்திருக்கிறோம், ஏனெனில் தீ நாளில் மோட்டார் ஓடாது. சாலைப் பக்கச் சந்துக்கு இழுத்துச் சாத்தும் படல் வந்தது.

கயிறுகள் பருத்திக்கு மாறின. முடிச்சை ஆயா எல்லோருக்கும் கற்பித்தார், எனக்கும் என் மகளுக்கும் உட்பட. ஒரு தூணில் அரிவாள் ஒன்று நிரந்தரமாகத் தொங்குகிறது. அதைப் புல்லறுக்க எடுக்கக் கூடாது என்பது கண்டிப்பு. அவிழ்க்கும் வரிசையும் மாறியது: கன்றை முதலில் கொண்டுபோய்க் கொல்லையில் விட்டால் தாய்ப்பசு தானே வரும். மாதத்தின் முதல் ஞாயிறு ஒத்திகை. தகர டப்பாவில் மக்காச்சோளத்தைக் குலுக்கினால் ஆடுகள் படலுக்கு ஓடிவரப் பழகிவிட்டன. முதல் ஒத்திகையில் எல்லாவற்றையும் மாற்ற 11 நிமிடம் ஆனது. ஜனவரியில் நான்கரை நிமிடம். ராகித்தாள் போர் கொட்டகையிலிருந்து 60 அடிக்கு அப்பால் போய்விட்டது, அதைச் சுற்றி மூன்றடி அகலத்துக்குப் புல் செதுக்கியிருக்கிறோம். பச்சை வலைக்குப் பதிலாகத் தென்னங்கீற்று வைக்கலாமா என்று ஒருவர் கேட்டார். அது வலையைவிட வேகமாக எரியும் என்பதால் வெயில் குறைந்ததும் சுருட்டி அவிழ்த்துவிடும் கித்தான் போட்டோம். உரிமையாளர் வராத மனைகளில் புல்லறுக்கும் செலவைச் சங்கமே ஏற்றது. அறுத்த புல் மாட்டுக்குப் போனது.

அடுக்குமாடியில் நாய், பூனை, பறவை வளர்க்கும் பதினான்கு வீடுகளின் மாற்றுச் சாவிகள் இப்போது காவலாளி அறையில் எண்ணிட்டுத் தொங்குகின்றன. இதற்குச் சம்மதிக்கப் பலருக்குத் தயக்கம் இருந்தது, அது இயல்பானதே; சம்மதிக்காதவர்கள் பக்கத்து வீட்டில் கொடுத்திருக்கிறார்கள். பூனை வளர்ப்பவர்கள் பிடிகூடையை அட்டத்தில் போட்டுவைக்காமல், உள்ளே பழைய துணி விரித்துக் கூடத்திலேயே திறந்து வைத்திருக்கிறார்கள். தினமும் அதில் தூங்கும் பூனை ஆபத்தில் கட்டிலடியில் ஒளியாமல் அதற்குள் போக வாய்ப்பு அதிகம். கூடை இல்லாதவர்களுக்குத் தலையணை உறை போதும், பூனையை அதற்குள் இட்டு வாயைத் திருகிப் பிடித்துத் தூக்கிவரலாம். பறவைக் கூண்டுகள் கோடையில் பால்கனியில் இல்லை. எங்கள் நாய்க்கு அரிசி மணி அளவுள்ள மைக்ரோசிப் தோலுக்கடியில் பொருத்தப்பட்டிருக்கிறது. அதன் 15 இலக்க எண்ணோடு எங்கள் இருவர் எண்ணும் பதிவாகியிருப்பதைச் சரிபார்த்துக்கொண்டேன். அது இப்போது சங்கிலியில் கட்டப்படுவதில்லை.

ஆட்டுப் பட்டியில் பூட்டு இல்லை. உள்ளங்கை அகல இரும்புத் தாழ்ப்பாள் இரண்டு, மேலொன்று கீழொன்று. இரண்டையும் ஒரே நேரத்தில் தூக்கித் திருப்பினால்தான் திறக்கும். ஒன்பது மாதமாக எந்தச் சிறுத்தையும் திறக்கவில்லை. ஆனால் இருட்டில், புகையில், ஒரு கையில் டார்ச்சோடு ஆயாவால் அதைத் திறக்க முடியுமா என்று நாங்கள் இன்னும் பார்க்கவில்லை. இதுவரை நடந்த ஒத்திகைகள் எல்லாம் பகலில் நடந்தவை. இரவில் ஆடுகளைக் கொல்லையில் விட்டால் காட்டுப் பக்கத்திலிருந்து வருவது என்ன என்ற கேள்வியும் இருக்கிறது. முதல் இரவு ஒத்திகை வரும் பிப்ரவரி முதல் ஞாயிறு 9 மணிக்கு. அன்று கொல்லையின் நான்கு மூலையிலும் நிற்க எட்டுப் பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள்.